பெட்டியில் இல்லாத துணி

பின்கட்டுத் தகரக் கூரைக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஓன் யீ மகளுடைய தமெய்னைக் கசக்கிக்கொண்டிருந்தாள். பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் நல்ல கைத்தறிப் பருத்தி. நேற்றும் இதே கல்லில்தான் துவைபட்டது, முந்தாநாளும். மோல்மேன் ஊர் மழை விட்டால்தானே? கொடியிலேயே கிடந்து ஊசல் வாடை ஏறியதும் எடுத்து வந்து முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாள்.

"நேத்துதானேம்மா அதைத் துவைச்சே?" சமையலறை வாசலில் நின்று ஸின் மார் கேட்டாள்.

"வாடை வருது."

"மழைக்காலத்துல நமக்கே வாடை வரும். நம்மளையும் கல்லுல வச்சு அடிப்பியா?"

"வா, முதுகைக் காட்டு."

ஸின் மார் சிரித்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. நாளைக் காலையில் வேன் வரும். மலையைத் தாண்டி, எல்லை ஆற்றைத் தாண்டி, தாய்லாந்துப் பக்கம் மேசோட்டில் ஒரு தையல் ஃபாக்டரியில் வேலை. தெருவில் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள்தான். போனவர்களில் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு.

ஓன் யீயிடம் இரண்டு பேசின்கள் இருந்தன. நீலம் ஆண்கள் துணிக்கு, சிவப்பு பெண்கள் துணிக்கு. கல்யாணமாகி வந்த மறுநாளே மாமியார் காட்டிக்கொடுத்தது. ஆணுக்கு 'போன்' என்று ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாது, வலது தோளில் உட்கார்ந்திருக்கும். பெண் இடுப்பில் கட்டிய துணி அவன் துணியோடு ஒரே தண்ணீரில் முங்கினாலோ, அவன் தலைக்கு மேலே தொங்கினாலோ, அது இறங்கிப் போய்விடும். அப்புறம் அந்த ஆள் எதற்கும் ஆகமாட்டான். அதனால்தான் ஆற்றுக் காற்று வீசும் முன்பக்கத் தாழ்வாரத்துக் கொடி ஆண்களுக்கு. பின்பக்கம், கிணற்றுச் சுவருக்கும் வாழைக்கும் நடுவே, இடுப்பு உயரத்தில் தாழ்வாகக் கட்டிய கொடி பெண்களுக்கு. அங்கே வெயில் காலத்திலேயே துணி காய யோசிக்கும்.

"அங்க மெஷின் இருக்காம்மா. எல்லார் துணியையும் ஒண்ணாப் போட்டுச் சுத்துவாங்களாம்."

"எல்லார் துணியும்னா?"

"எல்லாரோடதும்தான். ஆம்பளை, பொம்பளை, சூப்பர்வைசர்."

ஓன் யீயின் கை நின்றது. "அதுக்கப்புறமும் அந்த ஆம்பளைங்க நல்லா இருக்காங்களா?"

"ஓவர்டைம்கூடப் பாக்குறாங்களாம்."

"பேச்சைப் பாரு. உன் துணியை அதுல போட்டுறாதே. பருத்தி செத்துப்போகும். சோப்புத்தூளும் வேணாம், சாயத்தைத் தின்னுடும். ஊற வச்சுக் கையால கசக்கு, முறுக்காதே, கடைசித் தண்ணியில கொஞ்சம் கஞ்சி விடு. காயப்போடும்போது உள்பக்கம் வெளியே..."

"அம்மா, ஃபாக்டரில யூனிஃபார்ம் குடுப்பாங்க. பாலியெஸ்டர். உதறினா காஞ்சிடும்."

பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பிளாஸ்டிக்கையே தைக்கப் போகிறது என்று ஓன் யீ நினைத்துக்கொண்டாள். சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாள்.

ஓன் யீ நெசவு ஊரான முதோனில் பிறந்தவள். தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவள். அவள் கை சும்மா இருந்து தெருவில் ஒருவரும் பார்த்ததில்லை. தூங்கும்போதுகூடத் தறி மிதிப்பதுபோல் கால் அசையும் என்று புருஷன் சொல்வார். மனசு சரியில்லாத நாளில் வீட்டில் துணி மிஞ்சாது. திரைச்சீலை, தலையணை உறை, பக்கத்து வீட்டுக்காரி மறந்துவிட்டுப்போன துண்டு, எல்லாம் கல்லுக்கு வந்துவிடும். இந்த வாரம் அவள் கொசுவலையை இரண்டு தடவை துவைத்திருந்தாள்.

அவளுக்கு இரண்டு அண்ணன்மார் இருந்தார்கள். இரண்டு பேரும் தாய்லாந்து மீன்பிடிக் கப்பலுக்குப் போனார்கள். பெரியவன் போகும்போது அம்மா அவனைப் பெற்ற அன்றைக்குக் கட்டியிருந்த தமெய்னில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப்பையில் வைத்துத் தைத்துக்கொண்டு போனான். இரண்டு விரல் போனாலும் உயிரோடு வந்து சேர்ந்தான். சின்னவன், "கப்பல்ல எல்லாரும் சிரிப்பாங்கம்மா" என்று துண்டை மெத்தைக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போனான். இன்றுவரை தகவல் இல்லை. ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஓன் யீக்கு ஒரே காரணம்தான்.

மத்தியானம் மழை சற்று ஓய்ந்தபோது அவள் பெட்டியைத் திறந்தாள். மகள் கொண்டுபோகாத பட்டு தமெய்னை உள்ளே வைக்க வேண்டும். தோழி கல்யாணத்துக்காக வாங்கிய, அலையலையாய்க் கோடு ஓடும் பட்டு. ஈரக் காற்றில் அப்படியே வைத்தால் பூசணம் பிடிக்கும். கரி அடுப்பின் மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் பட்டை விரித்து, அனல் மட்டும் படும்படி புரட்டினாள். பழைய மடிப்பைக் கையால் நீவிவிட்டு, வேறு இடத்தில் மடித்தாள்; ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே அறுந்துவிடும். பல தடவை துவைத்து மெத்தென்று ஆன வெள்ளைத் துணியில் சுற்றினாள். உலர்ந்த நாகப்பூவைத் தனி முடிச்சாகக் கட்டி ஓரத்தில் வைத்தாள். பூ நேராகப் பட்டால் கறை.

ஸின் மார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் மூலையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். கருநீலப் பருத்தி, மெல்லிய சிவப்புக் கோடு. இன்னும் புதுசு மாதிரி இருந்தது.

"இது அண்ணனோடதா?"

"ஆமா. அவனைப் பெத்தன்னிக்குக் கட்டியிருந்தது. வை உள்ளே."

"அவன் மலேசியா போறப்ப இதுல கிழிச்சுத் தரேன்னு கத்திரிக்கோலோட நின்னியே, அதா?"

"அவன்தான் பஸ் ஸ்டாண்டுல இருந்து திரும்பி வந்துட்டானே."

"மூணு சக்கர சைக்கிள்ல, பெட்டியோட, மீன்சாறு மொஹிங்கா ஆறிப்போயிடும்னு." ஸின் மார் துணியை மடித்தாள். மடித்தவள் உள்ளே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். "என்னோடது எங்கம்மா?"

"என்னது உன்னோடது?"

"என்னைப் பெத்தன்னிக்குக் கட்டியிருந்தது. நானும்தான் நாளைக்குப் போறேன். எனக்கும் ஒரு துண்டு குடு."

"அதெல்லாம் ஆம்பளைப் பசங்களுக்குடி."

"ஏன், பொம்பளைன்னா அடிபடாதா? வேன் கவுந்தா ஆம்பளையாப் பார்த்துப் பார்த்தா கவுக்கும்?"

"வாயைக் கழுவு!"

"கொடியில தொங்கினா ஆம்பளைக்கு ஆகாது, சட்டைப்பையில இருந்தா அவனைக் காப்பாத்தும். பொம்பளைக்கு மட்டும் ரெண்டுமே கிடையாது. நல்லா இருக்கும்மா உங்க கணக்கு." வேடிக்கையாக ஆரம்பித்த பேச்சு வேடிக்கையாக முடியவில்லை. ஸின் மாரின் குரல் இறங்கிவிட்டது. "எனக்குப் பயமா இருக்கும்மா. அதான் கேக்குறேன்."

இந்தப் பெண் பயமென்று சொல்லி ஓன் யீ கேட்டதே இல்லை. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் அவள் வாய் முந்திக்கொண்டது. "பெட்டியடியில இருக்கும். தேடி எடுத்துத் தரேன், போ."

பெட்டியடியில் ஒன்றும் இல்லை. அது அவளுக்குத் தெரியும்.

மகன் தீஹாவைப் பெற இரண்டு நாள் துடித்தாள். முதல் பிள்ளை, ஆண் பிள்ளை. அன்றைக்குக் கட்டியிருந்ததை மாமியாரே அலசி, நிழலில் உலர்த்தி, பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ஸின் மார் அப்படி இல்லை. சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது வலி வந்தது, கஞ்சி வடிப்பதற்குள் பிறந்துவிட்டாள். கட்டியிருந்தது வெள்ளைக் கட்டம் போட்ட பச்சைப் பருத்தி. எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, ஓன் யீக்கும்தான். துவைத்துக் கட்டினாள். நைந்ததும் கிழித்துக் குழந்தைக்கு விரித்தாள். பிறகு அது சட்டி இறக்கும் பிடிதுணியானது. அப்புறம் அடுப்பங்கரை துடைக்கும் கந்தல்.

கடைசித் துண்டு எங்கே போனது என்பது வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியும். ஸின் மாருக்கு மூன்று வயதிருக்கும்போது ஒரு மழை இரவில் கூரைத் தகரம் ஓட்டை விழுந்து புருஷன் படுக்கைக்கு நேராக ஒழுகியது. மவுங் தெய்ன் படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிறவர். படகுக்குப் பூசும் தார் எப்போதும் வீட்டில் ஒரு டப்பா இருக்கும். அடுப்பங்கரையில் கைக்குக் கிடைத்த கந்தலைச் சுருட்டி, ஒரு முனையைத் தாரில் தோய்த்து, ஏணி போட்டு ஓட்டையில் அடைத்தார். காலையில் அண்ணாந்து பார்த்த ஓன் யீக்குத் தாருக்குக் கீழே பச்சைக் கட்டம் தெரிந்தது. அதே துண்டு. சொன்னால் மனுஷன் வீட்டையே இடித்துவிடுவார். அன்றைக்கு எடுத்துவிடலாம், நாளைக்கு எடுத்துவிடலாம் என்று பயந்துகொண்டே இருந்தாள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் அண்ணாந்து பார்ப்பாள். சம்பளம் கூடினாலும் அண்ணாந்து பார்ப்பாள். ஓட்டை மறுபடி ஒழுகவில்லை, மவுங் தெய்னுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தலைக்கு நேர் மேலே பெண்டாட்டியின் தமெய்னை வைத்துக்கொண்டு பத்தொன்பது வருஷமாகக் குறட்டை விடுகிறார்.

பெட்டியை மூடிவிட்டு எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து பின்பக்கம் போனாள். துவைத்தவை சொட்டச் சொட்டத் தொங்கின. முன்பக்கம் போனாள். அங்கே ஆற்றுக் காற்று ஆண்கள் கொடியைச் சும்மா ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் சுற்றிலும் பார்க்கவில்லை. மகளின் தமெய்ன்களைக் கொண்டு வந்து, ஒவ்வொன்றாக உதறி, வாசலை அடைத்தாற்போல் முன்கொடியில் போட்டாள்.

சாயங்காலம் மவுங் தெய்ன் குடையோடு வந்தார். வாசற்படிக்கு முன்னால் நின்றார். நின்றபடியே நின்றார்.

"தீஹா அம்மா."

"ம்."

"இது என்ன?"

"துணி."

"துணின்னு தெரியுது. யாரோடது?"

"போறவளோடது. ஈரத்தோட எப்படி மூட்டை கட்டுறது? காயட்டும்."

"நான் எப்படி உள்ளே வர்றது?"

"குனிஞ்சு வாங்க."

"குனிஞ்சா மட்டும் அது கீழே வந்துடுமா? எடு."

"அப்ப பின்பக்கமா வாங்க."

"என் வீட்டுக்குள்ள நான் திருடன் மாதிரிச் சமையக்கட்டு வழியா வரணுமா?"

எதிர்வீட்டு மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. ஓன் யீ ஒரு தமெய்னைப் புரட்டிப் போட்டாள். முப்பது வருஷத்தில் அவர் சொன்ன பிறகும் எடுக்காதது இதுதான் முதல் தடவை. இன்னொன்றையும் புரட்டினாள். மவுங் தெய்ன் ஜன்னலைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், டீக்கடைப் பக்கம் திரும்பினார். "காஞ்சதும் ஆளனுப்பு."

அவர் முதுகைப் பார்த்தபோது ஓன் யீக்குச் சிரிப்பு வந்தது, உடனே கூரையில் அடைத்த துண்டு நினைவுக்கு வந்தது. இதற்கே இப்படி நிற்கிறாரே.

டீக்கடையிலிருந்து தீஹா வந்தான், போனைப் பார்த்துக்கொண்டே. மூன்று தமெய்னுக்கும் அடியில் நேராக நடந்து உள்ளே வந்து பாயில் சாய்ந்தான்.

"அப்பா கடையில உக்காந்து மூணாவது டீ குடிக்கிறாரு. என்னவாம்?"

"துணிக்கு அடியிலயே வந்துட்டியே?" என்றாள் ஸின் மார். "உன் போன் இறங்கிடப் போகுது."

"இருந்தாத்தானே இறங்கும்." அவன் செல்லை ஆட்டிக் காட்டினான். "இந்த போன்லயும் சார்ஜ் இல்ல."

தங்கை முகத்தைப் பார்த்துவிட்டு அவன் எழுந்து உட்கார்ந்தான். துண்டு விஷயத்தைச் சொன்னாள். அம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள் என்றாள். ஓன் யீ அடுப்படியில் கரியைக் கிளறினாள்.

"என்னோடதுல பாதி எடுத்துக்கோ," என்றான் தீஹா. "நான்தான் பாதி தூரம் போயிட்டு வந்துட்டேனே, எனக்குப் பாதி போதும்."

"வேணாம்ணே."

"சும்மா எடுத்துக்க. டீக்கடைக்குப் போய்ட்டு வர எனக்கு எதுக்குடி காவல்?"

"உன்னோடது எனக்கு எதுக்கு? அம்மா உன்னைப் பெத்தப்போ கட்டினது அது. என்னோடது இருந்தாக் குடுக்கட்டும். இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும்."

அடுப்படியில் கரி கிளறும் சத்தம் நின்றது. ஓன் யீ எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் போய் தெருமுனை டோ பூ பாட்டி வீட்டுல சொல்லிட்டு வாங்க," என்றாள். "ஊருக்குப் போறவ அவகிட்டச் சொல்லாமப் போனாக் கோவிச்சுக்குவா."

அவர்கள் படியிறங்கியதும் அவள் மேஜையை இழுத்தாள். மேஜை மேல் முக்காலியை வைத்தாள். ஏறினாள். இந்த உயரத்திலிருந்து வீட்டை அவள் பார்த்ததே இல்லை. புருஷனுடைய படுக்கை சின்னதாகத் தெரிந்தது. ஓட்டையில் தார் கல்லாக இறுகிக் கிடந்தது. கத்தியை விட்டு நெம்பினாள். வரவில்லை. பல்லைக் கடித்து ஒரு திருகு திருகினாள். மூடி கழல்வதுபோல் கழன்று கையில் விழுந்தது. ஓட்டை வழியாக ஒரு கட்டைவிரல் அளவுக்கு வானம் தெரிந்தது. மேகம் கறுத்து நின்றது.

வேறு எதையாவது அடைக்க வேண்டும், தார் எடுக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தபடியே கல்லுக்குப் போய்விட்டாள். தார் முனையைக் கத்தியால் அறுத்து எறிந்தாள். நடுவில் சுருண்டிருந்ததைப் பிரித்தபோது உள்ளங்கை அகலத்துக்குத் துணி இருந்தது. சீயக்காய்த் தண்ணீரில் ஊற வைத்து விரல் நுனியால் அலசினாள். கன்னங்கரேலென்று தண்ணீர் இறங்கியது. நாலாவது தண்ணீரில் பச்சை வந்தது, பிறகு வெள்ளைக் கட்டம். பருத்தி சாகவில்லை. கரிக்கூடையின் மேல் அதை உலர்த்தினாள்.

முன்கொடியில் துணிகளும் காய்ந்துவிட்டன. அவற்றை எடுத்து வந்து, மகள் காலையில் கட்டப்போகும் தமெய்னின் மேற்பகுதியில் ஓடும் கறுப்பு இடுப்புப் பட்டையைப் பிரித்து, உள்ளே அந்தத் துண்டை வைத்துத் தைத்தாள். முடிக்கும்போது ஸின் மார் வந்துவிட்டாள். தையல் கற்றவள் அல்லவா, விரலை வைத்ததுமே தெரிந்துவிட்டது.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"எங்க இருந்துச்சு?"

"பெட்டியடியில."

ஸின் மார் பட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். "பெட்டியில எதுக்கும்மா தார் வாடை?"

"நாகப்பூ தீர்ந்துபோச்சு," என்றாள் ஓன் யீ. "போய் அப்பாவைக் கூப்பிட்டு வா. கொடி காலியா இருக்குன்னு சொல்லு."

விடியும்போது மழை வந்தது. ஒரேயடியாகக் கொட்டியது. ஸின் மார் தலை சீவி, கன்னத்தில் சந்தனம்போல் தனக்கா பூசி, அந்தத் தமெய்னைக் கட்டிக்கொண்டு பைக்குப் பக்கத்தில் நின்றாள். ஓன் யீ பையைத் திறந்து, சரியாக இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து, மறுபடி அதே மாதிரி அடுக்கினாள். தெருமுனையில் வேன் ஹார்ன் கேட்டது.

"ஏய்!" படுக்கையிலிருந்து மவுங் தெய்ன் துள்ளி எழுந்தார். முகத்தில் தண்ணீர் வழிந்தது. தலையணையில் இன்னொரு சொட்டு விழுந்தது, இன்னொன்றும். கண்ணைக் கசக்கிக்கொண்டு அண்ணாந்தார். "நான் அடைச்சது எங்க? கல்லு மாதிரி இருந்துச்சே?"

தீஹா பாயிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டான்.

"எலி இழுத்துருக்குமா? தார்ல தோய்ச்சதை எலி தொடாதே." மவுங் தெய்ன் மேஜையைப் பார்த்தார். நேற்று சுவரோரம் இருந்தது; இருட்டில் வந்து படுத்தவர் அது நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. அதன்மேல் எடுத்து வைக்க மறந்துபோன முக்காலி. "தீஹா அம்மா, யாராவது ஏறினீங்களா?"

ஸின் மாரின் கை தன் இடுப்புப் பட்டைக்குப் போயிற்று. ஓட்டையைப் பார்த்தாள். அப்பாவின் தலையணையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். ஏதோ சிரிப்பு வந்து, அது வரும் வழியிலேயே வேறு என்னவோ ஆகி, உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தாள்.

ஹார்ன் மறுபடி அடித்தது.

"கேக்குறேன்ல?" என்றார் மவுங் தெய்ன். தலையணையைத் தள்ளி வைத்துவிட்டு, மகளின் கை இருந்த இடத்தையும் பெண்டாட்டியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். குரல் மெல்ல இறங்கியது. "அன்னிக்கு நான் இருட்டுல எடுத்து அடைச்சேனே... அது என்ன துணி?"

ஓன் யீ பெண்கள் துணி துவைக்கும் சிவப்பு பேசினைக் கொண்டு வந்து, சொட்டு விழும் இடம் பார்த்து, அவர் படுக்கையின் நடுவே வைத்தாள். மகளின் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, அறையை விட்டு வெளியே போனாள்.